தேசியப் பூங்காக்களில் பார்வையாளர் மீறல்களும் முகாம் விதிகளும்: யெல்லோஸ்டோன், யோசெமிட்டி பூங்காக்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

உலகின் முதல் தேசியப் பூங்காவாகிய யெல்லோஸ்டோன் 1872இல் அமைக்கப்பட்டது முதல், இயற்கையைக் காண வருவோரே அதற்கு ஊறு விளைவிப்பது பூங்கா மேலாண்மையின் நீங்காச் சிக்கலாக இருந்து வருகிறது. இம்மீறல்களைத் தனிமனித ஒழுக்கக் குறைபாடாக மட்டும் காணும் போக்கு பரவலாக உள்ளது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் யெல்லோஸ்டோன், யோசெமிட்டி ஆகிய பூங்காக்களின் வரலாற்றை முதன்மைச் சான்றாகக் கொண்டு, மீறல்களில் கணிசமான பகுதி பூங்கா நிருவாகம் தானே உருவாக்கிய அல்லது நெடுங்காலம் பொறுத்துக்கொண்ட பழக்கங்களின் தொடர்ச்சி என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. முகாம் விதிகள் எவ்வாறு தோன்றின, அவற்றின் காரணங்கள் யாவை, எச்சூழலில் அவை பயன் தந்தன, எச்சூழலில் தவறின என்பனவும் ஆராயப்படுகின்றன. விதியைக் கடைப்பிடிப்பதற்கான வழியை நிலத்திலேயே அமைத்துத் தந்த இடங்களில் விதி நிலைபெற்றது என்பதும், தண்டனை அறிவிப்பை மட்டும் நம்பிய இடங்களில் அது வலுவிழந்தது என்பதும் இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: தேசியப் பூங்கா, பார்வையாளர் மீறல், முகாம் விதி, கரடி மேலாண்மை, யெல்லோஸ்டோன், யோசெமிட்டி, சமூக நெறி.

முன்னுரை

அமெரிக்கத் தேசியப் பூங்காப் பணித்துறை 1916 ஆகஸ்டு 25 அன்று இயற்றப்பட்ட சட்டத்தால் தோற்றுவிக்கப்பட்டது. அச்சட்டம் அத்துறைக்கு இரண்டு கடமைகளை ஒருசேர விதித்தது. ஒன்று, இயற்கைக் காட்சிகளையும் காட்டுயிர்களையும் காத்தல். மற்றொன்று, மக்கள் அவற்றைத் துய்ப்பதற்கு வழிசெய்தல். அத்துய்ப்பும் வருந்தலைமுறைக்குக் குறைவின்றி எஞ்சும் வகையில் அமைய வேண்டும் என்பது சட்டம் சேர்த்த நிபந்தனை. காத்தலும் துய்த்தலும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் என்ற நம்பிக்கையில் எழுந்த இவ்விரட்டைக் கடமை, பார்வையாளர் எண்ணிக்கை பெருகப்பெருக முரணாக மாறியது.

யோசெமிட்டிக்கு 2016ஆம் ஆண்டில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகள் பதிவாயின. யெல்லோஸ்டோனுக்கு 2021இல் ஏறத்தாழ 48.6 இலட்சம் வருகைகள் பதிவாயின. பணித்துறையின் கீழுள்ள இடங்கள் அனைத்துக்குமான வருகை 2024இல் 33 கோடியைக் கடந்தது. இவ்வளவு பெருந்திரளில் விதி மீறுவோர் சிறுபான்மையினரே ஆயினும், அவர்களின் செயல்கள் விளைவிக்கும் ஊறு சிறிதன்று. பைசன் எருதின் அருகில் நின்று படமெடுத்துக் காயமுற்றவர், வெந்நீர்க் குளத்தின் ஓட்டின்மேல் நடந்தவர், கூடாரத்தில் உணவை வைத்துவிட்டு உறங்கியவர் எனச் செய்திகள் ஆண்டுதோறும் வெளிவருகின்றன. இச்செய்திகள் பெரும்பாலும் நகைப்புக்கோ சினத்துக்கோ உரியனவாக வாசிக்கப்படுகின்றன. அவற்றின் பின்னுள்ள நிருவாக வரலாறு உரிய கவனத்தைப் பெறுவதில்லை.

மீறலின் வகைகள்

மீறல் என்னும் சொல் ஒரே தன்மையுடைய செயல்களைக் குறிப்பதில்லை. காட்டுப்பகுதி மேலாண்மை பற்றிய அமெரிக்க ஆய்வுகள் பார்வையாளரின் விரும்பத்தகாத செயல்களை ஐவகைப்படுத்துவது வழக்கம். அறிந்தே செய்யும் சட்டமீறல், கவனமின்மையால் நிகழ்வது, திறன் இன்மையால் நிகழ்வது, அறியாமையால் நிகழ்வது, தவிர்க்க இயலாதது என்பன அவை. பாறையில் பெயர் பொறிப்பது முதல்வகை. உணவுப் பொட்டலத்தை மேசைமேல் மறந்து செல்வது இரண்டாம் வகை. மழைநீர் தேங்கும் பள்ளத்தில் கூடாரம் அடித்துவிட்டுப் பின்னர் அதைச் சுற்றி வாய்க்கால் வெட்டுவது மூன்றாம் வகை. தனித்து நிற்கும் கன்றைத் தாயற்றது எனக் கருதித் தூக்குவது நான்காம் வகை. நடக்கும்போது புல் மிதிபடுவது ஐந்தாம் வகை.

இப்பகுப்பின் பயன் தீர்வைத் தெரிவு செய்வதில் உள்ளது. தண்டனை முதல்வகைக்குப் பொருந்தும். இரண்டாம், மூன்றாம், நான்காம் வகைகளுக்கு நினைவூட்டலும் பயிற்சியும் விளக்கமும் தேவை. ஐந்தாம் வகைக்கு இட அமைப்பும் எண்ணிக்கை வரம்பும் அன்றி வேறு வழியில்லை. எல்லா மீறலையும் முதல்வகையாகக் கொண்டு அபராதத் தொகையை உயர்த்தும் நிருவாகம், எஞ்சிய நான்கு வகைகளையும் கவனியாது விட்டுவிடுகிறது.

தண்டனையற்ற சட்டமும் படைக்காவலும்

யெல்லோஸ்டோனை அமைத்த 1872ஆம் ஆண்டுச் சட்டம் விதிகளை வகுக்கும் அதிகாரத்தை உள்துறைச் செயலருக்கு அளித்தது. ஆனால் மீறுவோருக்கான தண்டனையை அது வரையறுக்கவில்லை. காவலுக்கு நிதியும் ஒதுக்கவில்லை. முதல் கண்காணிப்பாளரான நத்தேனியல் லாங்ஃபோர்டு ஊதியமின்றிப் பணியாற்றினார். பார்வையாளர் வெந்நீர் ஊற்றுகளின் விளிம்பிலிருந்த படிவங்களைப் பெயர்த்தெடுத்தனர். அவற்றில் தம் பெயர்களைப் பொறித்தனர். பீச்சூற்றுகளை விரைந்து எழச்செய்யும் நோக்கில் சவர்க்காரத்தை உள்ளே இட்டனர். விலங்குகள் தடையின்றி வேட்டையாடப்பட்டன.

1886இல் பூங்காவின் காவல் அமெரிக்கப் படையிடம் ஒப்படைக்கப்பட்டு, 1918 வரை அவ்வாறே தொடர்ந்தது. படைவீரர்கள் ஊற்றுகளுக்கருகில் காவல் நின்றனர். பெயர் பொறித்தவரைத் திரும்ப அழைத்துவந்து தேய்த்து அழிக்கச் செய்த நிகழ்வுகளும் உண்டு. எனினும் பூங்காவிலிருந்து வெளியேற்றுவதைத் தவிர வேறு தண்டனை வழங்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. 1894 மார்ச்சில் பைசன்களைக் கொன்ற வேட்டைக்காரர் ஒருவர் கையும் களவுமாகப் பிடிபட்டும் அவர்மீது வழக்குத் தொடர இயலாத நிலை நாடெங்கும் அதிர்ச்சியை உண்டாக்கியது. அவ்வாண்டு மே மாதத்திலேயே, பூங்காவில் வேட்டையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கும் லேசி சட்டம் நிறைவேறியது. தண்டனையும் காவலும் இன்றி விதி நிற்காது என்பதை இக்காலகட்டம் நிறுவியது. அவை மட்டும் போதா என்பதை அடுத்த காலகட்டம் நிறுவியது.

பூங்காவே கற்பித்த பழக்கங்கள்

இன்று குற்றமெனக் கருதப்படும் செயல்கள் சில, முன்னர் பூங்காவின் ஈர்ப்பாகவே விளம்பரப்படுத்தப்பட்டவை. யெல்லோஸ்டோனின் விடுதிகள் தம் உணவுக்கழிவைக் கொட்டிய கிடங்குகளுக்குக் கரடிகள் வந்தன. அவற்றைக் காண மக்கள் வந்தனர். மக்கள் அமர்ந்து காண்பதற்கென இருக்கை வரிசைகள் கட்டப்பட்டன. ஆட்டர் கிரீக் என்னும் இடத்தில் 1930களில் கிரிஸ்லி கரடிகள் கழிவைத் தின்பது மாலைநேரக் காட்சியாகவே நடத்தப்பட்டது. யோசெமிட்டியில் 1923 முதல் 1940 வரை பூங்கா நிருவாகமே கரடிகளுக்கு உணவிட்டு வந்தது. முகாம்களிலிருந்து கரடிகளை அகற்றி வேறிடத்துக்கு ஈர்ப்பதே அதன் நோக்கம். விளைவோ, மனித உணவுக்குப் பழகிய கரடிகள் பெருகின.

யெல்லோஸ்டோனில் சாலையோரங்களில் மகிழுந்தின் சன்னல் வழியே கரடிக்கு உணவு நீட்டுவது பல்லாண்டுக்காலம் வழக்கமாக இருந்தது. உணவிடல் விதிப்படி தடைசெய்யப்பட்டிருந்தும் அத்தடை செயலுக்கு வரவில்லை. 1931 முதல் 1969 வரை ஆண்டுக்குச் சராசரியாக 48 பேர் கரடிகளால் காயமுற்றதாகப் பூங்காவின் பதிவுகள் காட்டுகின்றன. 1967 ஆகஸ்டில் கிளேசியர் தேசியப் பூங்காவில் ஒரே இரவில் வெவ்வேறு இடங்களில் முகாமிட்டிருந்த இளம்பெண்கள் இருவர் கிரிஸ்லி கரடிகளால் கொல்லப்பட்டனர். அக்கரடிகள் உலவிய பகுதிகளில் உணவுக்கழிவு அவற்றுக்கு எளிதில் கிடைத்து வந்தமை பின்னர் வெளிப்பட்டது. இந்நிகழ்வுக்குப் பிறகே கழிவுக் கிடங்குகளை மூடும் பணி விரைவுற்றது.

யெல்லோஸ்டோனில் 1970இல் புதிய கரடி மேலாண்மைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. கிடங்குகளைப் படிப்படியாக மூட வேண்டும் என்றனர் கரடிகளை ஆராய்ந்துவந்த கிரெய்க்ஹெட் உடன்பிறப்பினர். நிருவாகம் அவற்றை விரைந்து மூடியது. உணவிழந்த கரடிகள் முகாம்களை நாடின; பல கரடிகள் கொல்லப்பட்டன. 1975இல் கிரிஸ்லி கரடி அச்சுறுத்தலுக்குள்ளான இனமாகப் பட்டியலிடப்பட்டது. மனிதருக்குக் கற்பிக்கப்பட்ட பழக்கத்தின் விலையைக் கரடிகள் தம் உயிரால் செலுத்தின.

இதையொத்த பிற எடுத்துக்காட்டுகளும் உள்ளன. யெல்லோஸ்டோனின் 'கைக்குட்டைக் குளம்' என்னும் ஊற்றில் கைக்குட்டையை இட்டால் அது உள்ளிழுக்கப்பட்டுத் தூய்மையாகி மேலெழும். இதைச் செய்துபார்ப்பது பார்வையாளரின் விருப்பப் பொழுதுபோக்காக இருந்தது. இறுதியில் பொருள்கள் அடைத்து அவ்வூற்று இயக்கத்தை இழந்தது. யோசெமிட்டியில் கிளேசியர் பாயின்ட் என்னும் முகட்டிலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் ஆழத்தை நோக்கி எரிதணலைச் சரியவிடும் 'நெருப்பருவி' பல பத்தாண்டுகள் கோடைக்கால இரவுகளில் நடந்தது. அதைக் காணத் திரண்டோர் புல்வெளிகளை மிதித்துச் சிதைத்தனர். 1968 சனவரியில் அது நிறுத்தப்பட்டது. நிறுத்தியவர்கள் கூறிய காரணம், அது இயற்கைக்கு அயலான காட்சி என்பது. பூங்காவைக் கேளிக்கைக் களமாகக் காணப் பார்வையாளரைப் பழக்கியதில் நிருவாகத்துக்கும் பங்குண்டு என்பதற்கு இவை சான்றுகள்.

முகாமிடத்தின் அமைப்பே விதியாதல்

மகிழுந்துகள் 1913இல் யோசெமிட்டியிலும் 1915இல் யெல்லோஸ்டோனிலும் அனுமதிக்கப்பட்டன. அதன்பின் முகாமிடலின் தன்மையே மாறிற்று. யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் வந்தவர்கள் தாம் விரும்பிய புல்வெளியில் ஊர்தியை ஓட்டிச்சென்று, விரும்பிய மரத்தடியில் கூடாரம் அமைத்தனர். மண் இறுகியது, வேர்கள் மூச்சற்றுப் போயின, மரங்கள் நலிந்தன.

இச்சிக்கலை அறிவியல் அடிப்படையில் அணுகியவர் தாவர நோயியல் அறிஞர் எமிலியோ மெய்னெக்கெ. கலிபோர்னியாவின் செம்மரக் காடுகளில் மனிதக் காலடியும் ஊர்திச் சக்கரமும் வேர்களுக்குச் செய்யும் கேட்டை ஆராய்ந்த அவர், 1932இல் முகாம் திடல்களுக்கான கொள்கை அறிக்கை ஒன்றை வெளியிட்டார். அவருடைய தீர்வில் புதிய தடைகள் குறைவு. இட அமைப்பே மிகுதி. ஒருவழியாகச் சுற்றிவரும் சாலை, அதிலிருந்து பிரியும் குறுகிய நிறுத்துமிடம், அதையடுத்து ஒரு மேசை, ஒரு அடுப்பு, ஒரு கூடாரத் தளம், ஊர்தி விலகிச் செல்லாதவாறு வழியோரம் பதித்த பெருங்கற்கள் ஆகியவையே அதன் கூறுகள். கற்கள் இருக்கும் இடத்தில் ஊர்தி புல்வெளிக்குள் செல்லாது. நெருப்பு மூட்டுவதற்கு அடுப்பு இருக்கும் இடத்தில் வேறிடம் கருகாது. மேசை எங்கிருக்கிறதோ அங்கேயே மனிதர் கூடுவர். மற்ற இடம் மிதிபடாது எஞ்சும்.

1930களில் அரசின் வேலைவாய்ப்புத் திட்டத்தின் கீழ் இளைஞர் படையினர் கட்டிய முகாம் திடல்களில் இம்மாதிரி பரவலாயிற்று. இன்றும் உலகின் பல பூங்காக்களில் காணப்படும் முகாமிட வடிவம் இதுவே. ஒருவர் தம்மை அறியாமலே விதியைக் கடைப்பிடிக்குமாறு செய்வது இவ்வமைப்பின் சிறப்பு.

இன்றைய முகாம் விதிகளும் அவற்றின் காரணங்களும்

அமெரிக்கக் கூட்டரசு விதித்தொகுப்பில் தேசியப் பூங்காக்களுக்கான முகாம் விதிகள் தொகுத்துரைக்கப்பட்டுள்ளன. முகாமிடத்தில் நிலத்தைத் தோண்டவோ சமன்செய்யவோ கூடாது. புறப்படும்போது கருவிகளையோ குப்பையையோ விட்டுச்செல்லக் கூடாது. குறிக்கப்பட்ட இடம் அல்லாதவிடத்து, ஓடை, ஆறு, ஏனைய நீர்நிலைகளிலிருந்து 100 அடிக்குள், அதாவது ஏறத்தாழ 30 மீட்டருக்குள், முகாமிடக் கூடாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பேரொலி எழுப்பக் கூடாது. நிலையான கட்டமைப்பு எதையும் ஏற்படுத்தக் கூடாது. இவற்றோடு அந்தந்தப் பூங்காவின் தனிவிதிகளும் சேரும். யோசெமிட்டியின் முகாம் திடல்களில் ஓர் இடத்துக்கு ஆறு பேர், இரண்டு ஊர்திகள் என்பது வரம்பு. முகாமிடம் அல்லாத இடங்களில் இரவில் ஊர்திக்குள் உறங்குவதும் அங்குத் தடைசெய்யப்பட்டுள்ளது. பூங்கா விதிமீறலுக்கு ஆறு மாதம் வரை சிறையும் 5,000 டாலர் வரை அபராதமும் விதிக்கலாம்.

இவ்விதிகள் மேலோட்டமாக நோக்குவார்க்குத் தொடர்பற்ற தடைகளாகத் தோன்றலாம். ஒவ்வொன்றன் பின்னும் ஒரு காரணம் உண்டு. நீர்நிலையிலிருந்து விலகி முகாமிடச் சொல்வது, நீரின் தூய்மைக்காக மட்டுமன்று. இரவில் நீரருந்த வரும் விலங்குகளின் வழியை மறிக்காமல் இருப்பதற்காகவும் ஆகும். நிலத்தைத் தோண்டாமை மேல்மண்ணையும் அதிலுள்ள வித்துகளையும் காக்கிறது. ஒலிக் கட்டுப்பாடு மனிதர் ஒருவர்க்கொருவர் செய்துகொள்ளும் மரியாதை. இக்காரணங்களை முறையாகத் தொகுத்துரைத்தது 'தடம் பதியாமை' என்னும் ஏழு நெறிகளின் தொகுப்பு. வனத்துறையும் வெளிப்புறப் பயிற்சி நிறுவனங்களும் இணைந்து வளர்த்த இந்நெறிகளைப் பரப்புவதற்கென 1994இல் தனி அமைப்பு தொடங்கப்பட்டது. முன்திட்டமிடல், தாங்குதிறனுள்ள தரையில் முகாமிடல், கழிவை உரியவாறு அகற்றல், கண்டதை அங்கேயே விட்டுச்செல்லல், நெருப்பின் விளைவைக் குறைத்தல், காட்டுயிர்க்கு மதிப்பளித்தல், பிற பார்வையாளரைக் கருதல் என்பன அவை.

யோசெமிட்டிக் கரடிகளும் இரும்புப் பெட்டிகளும்

விதியும் வசதியும் இணையும்போது விளையும் மாற்றத்துக்கு யோசெமிட்டியின் கரடி மேலாண்மை சிறந்த சான்று. நிருவாகத்தின் உணவிடல் 1940இல் நின்ற பின்னரும், கரடிகள் முகாம்களை நாடுவது நிற்கவில்லை. ஊர்திக்கதவைப் பெயர்த்து உள்ளிருக்கும் உணவை எடுக்கும் உத்தியைத் தாய்க்கரடியிடமிருந்து குட்டிகள் கற்றன. 1998ஆம் ஆண்டில் மட்டும் 1,500க்கும் மேற்பட்ட கரடி நிகழ்வுகள் பதிவாயின. அவற்றால் விளைந்த பொருட்சேதம் 6 இலட்சம் டாலரைக் கடந்தது. உணவை முறையாகச் சேமிக்க வேண்டும் என்ற விதி அப்போதும் இருந்தது என்பது கருதத்தக்கது.

அடுத்த ஆண்டு முதல் தனிநிதி ஒதுக்கப்பட்டது. முகாமிடங்களிலும் நடைவழித் தொடக்கங்களிலும் கரடியால் திறக்க இயலாத இரும்புப் பெட்டிகள் நிறுவப்பட்டன. குப்பைத் தொட்டிகள் மாற்றப்பட்டன. இரவில் முகாம்களைச் சுற்றிவந்து பார்வையாளரிடம் நேரில் விளக்கும் பணியாளர் அமர்த்தப்பட்டனர். காட்டுக்குள் இரவு தங்குவோர் உணவைக் கரடிக்காப்பு உருளைகளில் எடுத்துச்செல்ல வேண்டும் என்றாயிற்று. அவ்வுருளைகள் பூங்காவிலேயே வாடகைக்குக் கிடைத்தன. இதன்பின் கரடி நிகழ்வுகள் பத்தில் ஒரு பங்குக்கும் கீழாகக் குறைந்தன.

இம்மாற்றம் கரடிகளின் உடலிலேயே பதிவாகியுள்ளது. கரடிகளின் மயிரிலும் எலும்பிலும் உள்ள ஐசோடோப்புகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, மனித உணவுக்குப் பழகிய கரடிகளின் உணவில் மனித உணவின் பங்கு 1975–1985 காலத்தில் ஏறத்தாழ 35 விழுக்காடாக இருந்தது என்றும், 2001–2007 காலத்தில் ஏறத்தாழ 13 விழுக்காடாகக் குறைந்தது என்றும் காட்டியது. பார்வையாளரின் இயல்பு இடைப்பட்ட காலத்தில் திடீரென மேம்பட்டுவிடவில்லை. கூடாரத்திலிருந்து சில அடித் தொலைவில் ஒரு பெட்டி இருந்ததும், அதைப் பயன்படுத்துமாறு நினைவூட்ட ஒருவர் வந்ததுமே வேறுபாடு.

தொலைவு விதியும் வெந்நீர் ஊற்றுகளும்

யெல்லோஸ்டோனின் நிலை வேறு. அங்குப் பெட்டியில் பூட்டிவைக்க இயலாத இடர்கள் மிகுதி. கரடி, ஓநாய் ஆகியவற்றிலிருந்து 100 கசம், அதாவது 91 மீட்டர். பைசன், எல்க் மான் முதலிய பிற விலங்குகளிலிருந்து 25 கசம், அதாவது 23 மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. அப்பூங்காவில் மக்களை மிகுதியாகக் காயப்படுத்தும் விலங்கு கரடியன்று, பைசனே. மேய்ந்துகொண்டிருக்கும் அதன் அமைதியான தோற்றம் காண்போரை ஏமாற்றுகிறது. அது மனிதனைவிட மும்மடங்கு விரைவாக ஓட வல்லது.

2016 மே மாதத்தில் பார்வையாளர் சிலர் பைசன் கன்று ஒன்று குளிரால் வாடுவதாகக் கருதித் தம் ஊர்தியில் ஏற்றிக் காவலரிடம் கொண்டுவந்தனர். கன்றை மந்தையுடன் மீண்டும் சேர்க்கும் முயற்சிகள் பலிக்கவில்லை. அது மனிதரையும் ஊர்திகளையும் நாடியவாறே இருந்ததால் கொல்லப்பட்டது. 2023இல் ஆற்றைக் கடக்கையில் மந்தையிலிருந்து பிரிந்த கன்றைக் கரையேற்றிவிட்ட ஒருவரின் செயலும் அவ்வாறே முடிந்தது. இவ்விரு நிகழ்வுகளிலும் இரக்கம் இருந்தது, அறிவு இல்லை. ஐவகைப் பகுப்பில் இவை நான்காம் வகையைச் சாரும். இவற்றைக் கொடுமை எனப் பழிப்பதால் அடுத்த கன்று காக்கப்படாது. கன்றைத் தொடக்கூடாது என்ற தடையோடு, தொட்டால் மந்தை அதனை ஏற்காது போகலாம் என்ற காரணமும் நுழைவாயிலிலேயே சொல்லப்பட வேண்டும்.

வெந்நீர் ஊற்றுகளில் மீறலின் விலை மனித உயிர். இப்பூங்காவின் ஊற்றுகளில் வெந்து இறந்தோர் 20க்கும் மேற்பட்டவர். மரப்பலகை நடைபாதையை விட்டு விலகக் கூடாது என்ற விதி இதனாலேயே கடுமையாக உள்ளது. ஊற்றைச் சூழ்ந்த தரை திண்மையாகத் தோன்றினும் பல இடங்களில் மெல்லிய ஓடே ஆகும். அதன் அடியில் கொதிநீர் உள்ளது. 2016 சூனில் நாரிஸ் ஊற்றுப் பகுதியில் நடைபாதையை விட்டு வெகுதொலைவு சென்ற இளைஞர் ஒருவர், நீராடத்தக்க ஊற்றைத் தேடுகையில் தவறி விழுந்து இறந்தார்.

ஊற்றுகளும் உயிருள்ளவை. அவற்றின் நிறங்கள் வெப்பத்தை விரும்பும் நுண்ணுயிர்களால் அமைந்தவை. 'மார்னிங் குளோரி' என்னும் குளத்தில் பார்வையாளர் பன்னெடுங்காலம் எறிந்த நாணயங்களும் குப்பையும் நீர்வாயை அடைத்தன, வெப்பம் தாழ்ந்தது, நீலம் பச்சையாகவும் மஞ்சளாகவும் மாறியது. 1950இல் அக்குளத்தைச் செயற்கையாகப் பீச்சச் செய்தபோது நாணயங்களும் துணிகளும் வெளிவந்தன. இழந்த நிறம் முழுமையாக மீளவில்லை. இதே பூங்காவின் ஊற்றொன்றிலிருந்து 1960களில் தாமஸ் பிராக் பிரித்தெடுத்த தெர்மஸ் அக்குவாட்டிக்கஸ் என்னும் நுண்ணுயிரே, பின்னாளில் மரபணுப் பெருக்க முறையைப் பரவலாக்கிய நொதிக்கு மூலமாயிற்று. நாணயம் எறிவோர் சிதைப்பது அழகை மட்டுமன்று என்பது இதனால் விளங்கும்.

அறிவிப்புப் பலகையின் மொழி

விதியை எச்சொற்களால் அறிவிப்பது என்பதும் விளைவை மாற்றும். அரிசோனாவின் கல்மரக்காட்டுத் தேசியப் பூங்காவில் 20 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட கல்மரத் துண்டுகளைப் பார்வையாளர் எடுத்துச்செல்வது நெடுநாளைய சிக்கல். ஆண்டுக்கு 14 டன் இவ்வாறு களவு போவதாக அங்கிருந்த பலகை எச்சரித்தது. உளவியல் அறிஞர் ராபர்ட் சால்டினியும் உடன் ஆய்வாளரும் இருவகைப் பலகைகளை வைத்துச் சோதித்தனர். முன்பு வந்த பலர் துண்டுகளை எடுத்துச் சென்றதால் காட்டின் நிலை மாறிவிட்டது என ஒன்று கூறியது. எடுக்க வேண்டா என மற்றொன்று வேண்டியது. அடையாளமிட்டு வைக்கப்பட்ட துண்டுகளில், முதல் பலகை இருந்தபோது 7.92 விழுக்காடும் இரண்டாவது இருந்தபோது 1.67 விழுக்காடும் காணாமற்போயின.

பலரும் மீறுகின்றனர் என்ற செய்தி, மீறலை வழக்கமாகக் காட்டிவிடுகிறது. மீறல் காட்சிகளைத் திரும்பத்திரும்பப் பரப்பும் இன்றைய காணொளிப் பண்பாட்டுக்கும் இம்முடிவு பொருந்தக்கூடும். மறுபுறம், எடுத்துச்சென்ற கல்மரத்தை வருத்தக் கடிதத்துடன் அஞ்சலில் திருப்பியனுப்புவோரும் உள்ளனர். எவ்விடத்திலிருந்து எடுக்கப்பட்டது என அறிய இயலாமையால், அத்துண்டுகளை மீண்டும் காட்டில் இட முடியாது; 'மனச்சான்றுக் குவியல்' எனப்படும் ஒரு மேட்டில் அவை சேர்க்கப்படுகின்றன. மனம் மாறினாலும் மீட்க இயலாத இழப்பு உண்டு என்பதை அக்குவியல் காட்டுகிறது.

காவலின் இடமும் எண்ணிக்கை வரம்பும்

அமைப்பும் விளக்கமும் முதன்மை என்பதால் காவல் வேண்டா என்பதில்லை. 2018 திசம்பர் 22 முதல் 2019 சனவரி 25 வரை அமெரிக்கக் கூட்டரசின் பணிகள் பகுதியாக முடங்கின. பல பூங்காக்கள் மிகக்குறைந்த பணியாளருடன் திறந்தே இருந்தன. ஜோஷுவா ட்ரீ பூங்காவில் தடைசெய்யப்பட்ட இடங்களில் முகாமிட்டனர். பாலைநிலத்தில் ஊர்திகளை ஓட்டிப் புதுத்தடம் உண்டாக்கினர். மிக மெதுவாக வளரும் ஜோஷுவா மரங்கள் சில சிதைக்கப்பட்டன. யோசெமிட்டியில் மனிதக்கழிவின் மிகுதியால் முகாம் திடல்கள் சில மூடப்பட்டன. கழிப்பறையைத் தூய்மை செய்ய ஆளில்லாதபோது, 'கழிவை உரியவாறு அகற்றுக' என்ற விதி வெறும் சொல்லாகிவிடுகிறது.

காவல் மிகையாகும்போது விளையும் கேடும் பதிவாகியுள்ளது. 1970 சூலை 4 அன்று யோசெமிட்டியின் ஸ்டோன்மன் புல்வெளியில் கூடியிருந்த இளைஞரைக் குதிரைமீது வந்த காவலர்கள் கலைக்க முற்பட்டமை கலவரமாக முடிந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். பூங்காக் காவலருக்குச் சட்ட ஒழுங்குப் பயிற்சி முறைப்படுத்தப்பட்டது இதன் பின்னரே. பள்ளத்தாக்கின் தொல்குடியினர் வாழ்ந்த இறுதிச் சிற்றூரை நிருவாகம் 1969இல் அகற்றியிருந்தது. தலைமுறைகளாக வாழ்ந்தோரை வெளியேற்றிய நிலத்தில் பார்வையாளர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்னும் வினா எழுகிறது என்பதையும் இவ்வரலாற்றிலிருந்து பிரிக்க இயலாது.

தவிர்க்க இயலாத ஊறுகளுக்கு எண்ணிக்கை வரம்பே விடை. காரெட் ஹார்டின் 1968இல் எழுதிய 'பொதுநிலத்தின் அவலம்' என்ற புகழ்பெற்ற கட்டுரையில் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். பள்ளத்தாக்கு ஒன்றுதான்; வருவோர் எண்ணிக்கைக்கோ எல்லையில்லை என்பது அவர் வாதம். யோசெமிட்டியின் காட்டுப்பகுதிக்கு 1970கள் முதல் நடைவழிவாரியாக ஒதுக்கீட்டு முறை உள்ளது. ஹாஃப் டோம் என்னும் பாறைக்குன்றின் உச்சியில் முகாமிடுவது 1990களின் தொடக்கத்தில் தடைசெய்யப்பட்டது. மனிதக்கழிவு குவிந்தமை, விறகுக்காக மரங்கள் அழிந்து ஒன்றே எஞ்சியமை, அங்கு வாழும் அரிய சாலமாண்டரின் வாழிடம் சிதைந்தமை ஆகியவை காரணங்கள். இன்று அதன் உச்சிக்கு வடக்கம்பிகளைப் பற்றி ஏறுவோர் நாளொன்றுக்கு 300 பேர் என வரையறுக்கப்பட்டுள்ளனர். இம்முறைக்கும் ஒரு குறை உண்டு. பல மாதங்களுக்கு முன்னரே இணையவழியில் பதிவுசெய்யும் வாய்ப்பும் ஓய்வும் உடையோர்க்கே முகாமிடம் எளிதில் கிட்டுகிறது. இடமின்றித் திரும்புவோருள் சிலர் சாலையோரத்தில் ஊர்திக்குள் உறங்கி விதிமீறுவோர் ஆகின்றனர்.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து நான்கு செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, மீறல் பலவகைப்பட்டது. ஒரே தண்டனை எல்லாவற்றுக்கும் மருந்தாகாது. இரண்டாவது, கரடிக்கு உணவிடல் போன்ற பழக்கங்களை நிருவாகமே வளர்த்திருக்கிறது. ஆகவே திருத்தம் நிருவாகத்திடமிருந்து தொடங்குவதே முறை. மூன்றாவது, மெய்னெக்கெயின் முகாமிட அமைப்பும் யோசெமிட்டியின் இரும்புப் பெட்டிகளும் காட்டுவதுபோல, விதியைக் கடைப்பிடிப்பது மீறுவதைவிட எளிதாக அமைந்த இடத்தில் பெரும்பாலோர் அதைக் கடைப்பிடிக்கின்றனர். நான்காவது, அவ்வமைப்பு தானே நிற்பதன்று. 2018–19 முடக்கம் உணர்த்தியதுபோல, அதைப் பேணும் பணியாளரும் நிதியும் தொடர்ந்து இருந்தாக வேண்டும்.

பார்வையாளரை இகழும் எழுத்துகள் மிகுதியாக வெளிவரும் சூழலில், பூங்கா ஒன்றில் மீறல் பெருகியதாக அறியவரும்போது கேட்க வேண்டிய வினாக்கள் சில உள. உணவை வைக்கப் பெட்டி இருந்ததா, நடக்கப் பாதை இருந்ததா, காரணம் சொல்லப்பட்டதா, சொல்வதற்கு ஆள் இருந்தாரா என்பன அவை. இவ்வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே, எஞ்சும் மீறலைத் தனிமனிதர் குற்றமாகக் கணக்கிடுவது பொருந்தும்.